நேட்டால், சிலோன், மெட்ராஸ்... தமிழர்களை மூன்று இடங்களில் ஆண்ட கவர்னர் ஹாவ்லாக்!

சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரா நீங்க? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிஷம் நின்றாலே போதும்; தமிழ், இந்தி, ஒடியா, பெங்காலி என்று நாலு மொழி காதில் விழும். எங்கெங்கிருந்தோ வேலை தேடி ஒரகடம் பக்கம் வந்து, ஒரே ரூமில் ஆறு பேர், எட்டு பேர் என்று தங்கியிருக்கிறார்கள்.

130 வருஷத்துக்கு முன்னாடி நிலைமை அப்படியே தலைகீழ். அப்போது இந்தப் பகுதியெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஏரித் தண்ணீரை நம்பி நெல், அந்த நெல்லை நம்பி நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். மழை பொய்த்தால் பட்டினிதான். செங்கல்பட்டு, வட ஆற்காடு மாதிரியான மாவட்டங்களிலிருந்து ஆட்கள் மெட்ராஸ் போய்க் கப்பலேறினார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். தென் மாவட்டங்களிலிருந்து ‘கண்டிச்சீமை’ என்று மக்கள் சொன்ன இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கானோர்.

இப்போ ஒரு ஆச்சர்யமான விஷயம். அவர்கள் போய் இறங்கிய நேட்டாலில் கவர்னராக இருந்தவர், அப்புறம் இலங்கைக்கு கவர்னர் ஆனார். அதற்கும் அப்புறம் அவர்கள் கிளம்பி வந்த மெட்ராஸுக்கே கவர்னராக வந்தார். மூன்றும் ஒரே ஆள்தான். பெயர், ஆர்தர் எலிபேங்க் ஹாவ்லாக்.

பெயர் கேட்ட மாதிரி இருக்கா?

அந்தமான் டூர் போனவர்களுக்கு ஹாவ்லாக் தீவு உடனே ஞாபகம் வரும். 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்களே, அதேதான். ஆனால், அந்தத் தீவின் பெயர் இவருடையது அல்ல. 1857 கிளர்ச்சியில் லக்னோவை மீட்கப் படையோடு போன ஜெனரல் ஹென்றி ஹாவ்லாக்கின் பெயர் அது. அவர் நம்ம ஆளோட சித்தப்பா, பெரியப்பா வகை உறவு.

கொழும்பில் இருக்கும் ஹாவ்லாக் ரோடு, ராஜமுந்திரியில் கோதாவரிக்குக் குறுக்கே நிற்கும் பழைய ஹாவ்லாக் ரயில் பாலம், இரண்டும் நம்ம ஆர்தர் ஹாவ்லாக்கின் பெயரில் இருப்பவை. இரண்டு நாடுகளில் பெயர் இருக்கிறது, ஆனால் ஆளை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்தான். ஏன் என்று போகப் போகப் புரியும்.

ஊட்டியில் இருந்த பையன்

1844 மே 7 அன்று இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தார். வீடு நிறைய பிள்ளைகள். அப்பா வில்லியம் ஹாவ்லாக், ராணுவத்தில் லெப்டினென்ட் கர்னல். ஆர்தருக்கு இரண்டு வயசு இருக்கும்போது, 1846-ல் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே வருஷம். 1848 நவம்பரில் பஞ்சாபில் சீக்கியர்களோடு நடந்த ராம்நகர் சண்டையில், குதிரைப்படைக்கு முன்னால் போன அப்பா கொல்லப்பட்டார். அதன் பிறகு குடும்பம் ஊட்டியில் இருந்தது. ஆர்தருக்கு அப்போது நாலு வயசு. 1850-ல் அம்மா பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

கிட்டத்தட்ட 46 வருஷம் கழித்து, அதே பையன் மெட்ராஸ் கவர்னராக வந்தார். அந்தக் காலத்தில் கோடை வந்தால் கவர்னரும் அரசாங்கமும் மொத்தமாக ஊட்டிக்கு ஏறிவிடும். சின்ன வயசில் அப்பாவை இழந்த பிறகு வாழ்ந்த ஊர், அவருடைய கோடைத் தலைநகரமாக ஆனது.

நடுவில் என்ன நடந்தது? சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி, 1862-ல் ராணுவ வேலை, ஜிப்ரால்டர், மொரீஷியஸ். மொரீஷியஸில் கவர்னர் ஆர்தர் கார்டனிடம் உதவி அதிகாரியாகச் சேர்ந்ததுதான் வாழ்க்கையின் திருப்பம். துப்பாக்கியை வைத்துவிட்டு ஃபைலைக் கையில் எடுத்தார்.

கரும்பு இருக்கும் இடமெல்லாம்...

அவருடைய ரெஸ்யூமேவைக் கொஞ்சம் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. மொரீஷியஸ், செஷல்ஸ், ஃபிஜி, கரீபியன் கடலில் நெவிஸ், செயின்ட் லூசியா, மறுபடி செஷல்ஸ், மேற்கு ஆப்பிரிக்கா, டிரினிடாட், நேட்டால், இலங்கை, மெட்ராஸ், கடைசியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா.

இதில் ஒரு ஒற்றுமை தெரிகிறதா? மொரீஷியஸ், ஃபிஜி, செயின்ட் லூசியா, டிரினிடாட், நேட்டால், எல்லாம் கரும்பு விளைகிற ஊர்கள். பிரிட்டிஷ் பேரரசு 1830-களில் அடிமை முறையை ஒழித்த பிறகு, தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆட்கள் கல்கத்தாவிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டார்கள். ஃபிஜியில் மட்டும் ஹாவ்லாக் போய் வந்த சில வருஷங்கள் கழித்து, 1879-ல்தான் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது.

அதாவது, ஒரே கடல் பாதையில் இரண்டு வகை மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு, ஒவ்வொரு தடவையும் ஒரு புரொமோஷனோடு. இன்னொருத்தர் படித்துப் பார்க்க முடியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, கப்பலின் அடித்தளத்தில். இருவருமே ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்கள்தான். வித்தியாசம் என்னன்னா, ஒருத்தருக்கு அடுத்த ஊர் எது என்று லண்டன் முடிவு பண்ணும். இன்னொருத்தருக்கு அடுத்த வேளை சோறு என்ன என்பதையும் முதலாளி முடிவு பண்ணுவார்.

நாலு போர்ப் படகும் ஒரு ஆறும்

1881-ல் ஹாவ்லாக்குக்கு 37 வயசு. மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்றங்களின் கவர்னர் பதவி கிடைத்தது. சியரா லியோன், காம்பியா இரண்டும் அப்போது அதற்குள் அடக்கம். தலைமையிடம் ஃப்ரீடவுன். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் குடியேறி உருவாக்கிய நகரம். மலேரியாவுக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் பயந்து, அந்தக் கடற்கரைக்கு ‘வெள்ளைக்காரர்களின் கல்லறை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே போன கவர்னர்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை.

பக்கத்து நாடு லைபீரியா. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1847-ல் சுதந்திரம் அறிவித்த குடியரசு. சொந்தக் கொடி, சொந்த அதிபர், சொந்த செனட். சியரா லியோனுக்கும் லைபீரியாவுக்கும் நடுவில் இருந்த கடலோர நிலம் யாருக்கு என்பதில் ரொம்ப நாளாக வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

1882 மார்ச்சில் ஹாவ்லாக் நாலு போர்ப் படகுகளோடு லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவுக்கே போய் நின்றார். நிலத்தைக் கொடு, நஷ்ட ஈடும் கொடு என்று கோரிக்கை. பீரங்கி தெரியும் தூரத்தில் நடந்த பேச்சுவார்த்தை எப்படி முடியும்? ஒப்பந்த வரைவுக்கு லைபீரிய அரசு இறங்கி வந்தது. ஆனால், அந்நாட்டு செனட் அதை ஏற்க மறுத்தது. பிரிட்டன் காத்திருக்கவில்லை, 1883-ல் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1885-ல் லைபீரியா வேறு வழியில்லாமல் மானோ ஆறுதான் எல்லை என்று கையெழுத்துப் போட்டது.

கூகுள் மேப்பைத் திறந்து பாருங்க. சியரா லியோனுக்கும் லைபீரியாவுக்கும் நடுவில் கடலோரத்தில் இன்றைக்கும் அந்த மானோ ஆறுதான் எல்லை. அந்தக் கரையில் குடியிருந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹாவ்லாக் 1884-ல் அங்கிருந்து கிளம்பிவிட்டார். அவர் வரைந்த கோடு அங்கேயே இருக்கிறது.

நேட்டாலில் முதல் சந்திப்பு

டிரினிடாடில் கொஞ்ச காலம். அப்புறம் 1886-ல் நேட்டால். 1887-ல் பக்கத்திலிருந்த ஜுலு மக்களின் நாட்டை பிரிட்டன் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அதற்கும் இவர்தான் கவர்னர். எதிர்த்து எழுந்த ஜுலு இளவரசர் டினுஜுலுமீது தேசத்துரோக வழக்கு போட்டு, செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடு கடத்தினார்கள். நெப்போலியனை வைத்திருந்த அதே தீவு.

அதே நேட்டாலில்தான் நம்ம ஆட்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் முதல் கூட்டத்தை இறக்கியது. முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங் கூலி. ஒவ்வொரு வருஷமும் ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் வருஷம் 14 ஷில்லிங். நம்ம பாஷையில் சொன்னால், அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து நாலே நாலு இன்கிரிமென்ட்! அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை. வேலைக்கு வரவில்லை என்றால் சம்பளம் பிடித்தம் மட்டும் இல்லை, ஜெயிலுக்கும் போகலாம்.

ஹாவ்லாக் அங்கே இருந்தபோதுதான், 1887-ல், இந்தியக் குடியேறிகளைப் பற்றி விசாரித்த ராக் கமிஷன் தன் அறிக்கையை முடித்தது. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கி காய்கறி போட்டவர்கள், கடை வைத்தவர்கள்மீது வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குக் கடுப்பு. கூலியாக வா, குடிமகனாக ஆகாதே என்பது அவர்கள் எண்ணம். ஹாவ்லாக் 1889-ல் கிளம்பினார். நேட்டால் 1893-ல் வெள்ளைக்காரர்கள் கையில் சுயாட்சி பெற்றது. 1895-ல் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர்கள்மீது வருஷத்துக்கு 3 பவுண்ட் வரி போட்டார்கள். முதல் வருஷக் கூலியில் இது ஆறு மாசச் சம்பளம்.

இலங்கையில் ஒரு நல்ல காரியம், பாதி

1890-ல் இலங்கை. இங்கே ஹாவ்லாக் செய்த ஒரு காரியத்தை நேர்மையாகப் பாராட்ட வேண்டும். நெல் விளைவிக்கிற ஏழை விவசாயிமேல் அங்கே ஒரு நெல் வரி இருந்தது. கட்ட முடியாதவர்களின் வயலை அரசாங்கமே ஏலம் விட்டது. 1880-களில் வலப்பனைப் பகுதியில் இப்படி நிலம் இழந்து, பசியிலும் நோயிலும் செத்த குடும்பங்களின் கதை இங்கிலாந்து வரை போய்ப் பெரிய சர்ச்சை ஆனது. ஹாவ்லாக் 1892-ல் அந்த வரியை ஒழித்தார். மலை ரயில் பாதையும் அவர் காலத்தில்தான் பண்டாரவளை வரை நீண்டது. இன்ஸ்டாவில் நீங்க பார்க்கும் அந்த அழகான இலங்கை மலை ரயில் பயணத்தின் ஒரு பகுதி அது.

ஆனால், இதில் பாதிதான் நல்லது. உள்ளூர் நெல்லின் வரி போனது. வெளியிலிருந்து வந்து இறங்கும் அரிசியின் சுங்க வரி தொடர்ந்தது. இறக்குமதி அரிசியை அதிகம் சாப்பிட்டது யார்? தேயிலைத் தோட்டங்களில் இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள். இந்தியாவிலிருந்து வந்த அரிசிதான் அவர்கள் உலையில் கொதித்தது. சிங்கள விவசாயியின் வயிற்றுக்கு நிம்மதி கிடைத்த அதே வருஷத்தில், தோட்டத் தமிழன் ஒவ்வொரு கவளத்துக்கும் வரி கட்டிக்கொண்டிருந்தான்.

தோட்டத்தில் அவர்களைக் கட்டிப்போட்டது கங்காணி கொடுத்த முன்பணம். அந்தக் கடன் தொகையை எழுதிய காகிதத்துக்கு ‘துண்டு’ என்று பெயர். அதில் இருக்கும் கடனைப் புது முதலாளி அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல் மாசக்கணக்கில் அலைந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அதைப் பத்து மடங்காக்கிப் பாருங்க. இந்தத் துண்டு முறை ஒழிய 1921 ஆனது.

மெட்ராஸ்: ஒரே ஊர், இரண்டு பேர்

1896 மார்ச்சில் ஹாவ்லாக் மெட்ராஸ் கவர்னராகப் பொறுப்பேற்றார். சம்பளம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். அப்போது ஒரு விவசாயக் கூலியின் நாள் வருமானம் சில அணாக்கள். ரூபாய்க்கு 16 அணா. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

வந்த உடனே பஞ்சம். 1896-97-ல் மாகாணத்தின் வடக்குப் பகுதிகளும் பெல்லாரி, கர்நூல் மாதிரியான தக்காண மாவட்டங்களும் காய்ந்தன. ரோடு போடுவது, ஏரி வெட்டுவது என்று நிவாரண வேலைகள் திறந்தார்கள். ஊரை விட்டுக் கிளம்ப ஒரு ஏழைக்குக் காரணம் தேவைப்பட்டால், இதோ இதுதான் காரணம்.

செங்கல்பட்டின் கதையோ பஞ்சம் இல்லாத வருஷத்திலும் மோசம். மாவட்டக் கலெக்டராக இருந்த ட்ரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட சாதிக் கூலிகள் நிலமில்லாமல் எப்படிக் கடனில் சிக்கி அடிமைபோல் கிடக்கிறார்கள் என்று 1891-ல் விரிவாக அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணைதான், இன்றைக்கும் நாம் பேசும் பஞ்சமி நிலங்களுக்கு ஆரம்பம். ஒரகடம் பக்கம் சென்ட் விலை விசாரிக்கும்போது ஒரு நிமிஷம் இதை நினைத்துப் பாருங்க. நிலம் இல்லாததால்தான் அன்றைக்குப் பலர் கப்பலேறினார்கள்.

இப்போ கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 1896 அக்டோபர் 26. மெட்ராஸ் ஜார்ஜ் டவுன் பகுதியில் பச்சையப்பன் மண்டபம். கூட்டம் நிரம்பி வழிகிறது. பேச வந்தவர் 27 வயசு வக்கீல், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். பெயர் மோகன்தாஸ் காந்தி. தலைப்பு, நேட்டாலில் இந்தியர்கள் படும் பாடு. முதலாளியிடம் அடி வாங்கிப் பல் உடைந்து, ரத்தம் சொட்ட தன் அலுவலகத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தின் வழக்கை 1894-ல் எடுத்து நடத்தியவர் அவர். மெட்ராஸ் மக்கள் அவரை அப்படிக் கொண்டாடியதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

யோசித்துப் பாருங்க. நேட்டாலின் கஷ்டங்களை காந்தி எடுத்துச் சொன்ன அந்த ஊரை ஆண்டுகொண்டிருந்தவர், ஏழு வருஷத்துக்கு முன்னாடிவரை நேட்டாலையே ஆண்டவர். அனுமதிச் சீட்டுச் சட்டமும் கமிஷன் அறிக்கையும் அவர் மேஜைமேல் இருந்தவை. மெட்ராஸில் இருந்த மற்ற எந்த அதிகாரியைவிடவும் அந்தக் கதை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால், நேட்டாலுக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள் மெட்ராஸிலிருந்து தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தன. அந்த ஒப்பந்த முறை நேட்டாலுக்கு நிற்க 1911 வரை ஆனது. அதை நிறுத்த வைத்தது எந்த கவர்னரின் மனசாட்சியும் இல்லை; இரண்டு கரைகளிலும் நடந்த மக்கள் போராட்டம்.

அந்தக் காலத்து இ-பாஸ்

ஹாவ்லாக் காலத்தில் இன்னொரு சோதனை, பிளேக். 1896-ல் பம்பாயில் பரவிய நோய், 1898 வாக்கில் மெட்ராஸ் மாகாணத்துக்குள்ளும் வந்தது. நோய் பரவிய ஊர்களிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரியிடம் போய்த் தலையைக் காட்ட வேண்டும். 2020-ல் இ-பாஸ் வாங்கி, 14 நாள் வீட்டுக்குள் இருந்தோமே, கிட்டத்தட்ட அதேதான். சொல்லப்போனால், கொரோனாவின்போது அரசு கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டமே 1897-ல் அந்த பிளேக்குக்காக வந்ததுதான்.

புனேயில் வீடு புகுந்து சோதனை செய்த கெடுபிடியில் கோபம் வெடித்து, 1897-ல் பிளேக் அதிகாரி ராண்ட் கொல்லப்பட்டார். மெட்ராஸில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால், 1899 ஜூனில் சிவகாசியில் பெரும் சாதிக் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. கோயில் நுழைவுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த பிரச்னை அது.

பாலம், மார்க்கெட், பெயர்ப் பட்டியல்

1900-ம் வருஷம் ஹாவ்லாக்கின் கடைசி வருஷம். ஆகஸ்டில் கோதாவரிமேல் கிட்டத்தட்ட 3 கி.மீ. நீளத்துக்குக் கட்டிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. மெட்ராஸையும் கல்கத்தாவையும் இணைக்கும் பாதையில் முக்கியமான கண்ணி அது. பாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1997 வரை ரயில் ஓடியது. நவம்பரில் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டைத் திறந்துவைத்தார். பழைய புத்தகத்துக்குப் பெயர்போன அந்தக் கட்டடம் 1985-ல் எரிந்துபோனது. இன்றைக்கு அங்கே இருப்பது, நீங்க சபர்பன் ரயில் பிடிக்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்.

டிசம்பரில் மெட்ராஸிலிருந்து கிளம்பினார். 1901-ல் டாஸ்மேனியா கவர்னர். உடம்பு ஒத்துழைக்கவில்லை, 1904-ல் ஓய்வு. 1908 ஜூனில், பிறந்த அதே பாத் நகரத்தில் 64 வயசில் இறந்தார். உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு சொந்த ஊருக்கே திரும்பிக் கண்மூடும் வசதி அவருக்கு இருந்தது.

நல்லவரா, கெட்டவரா என்று கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நெல் வரியை ஒழித்தவர், மன்ரோவியாவுக்குப் போர்ப் படகோடு போனவர், இரண்டும் அவர்தான். கொடுங்கோலன் என்று சொல்ல முடியாத, நிதானமான, கடமை தவறாத அதிகாரி. பிரச்னையே அதுதான். நல்ல அதிகாரியாக இருந்தும், ஆளப்பட்டவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. சியரா லியோனிலும், நேட்டாலிலும், இலங்கையிலும், மெட்ராஸிலும், அவரை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல அந்த மக்களிடம் ஓட்டு இல்லை.

அவர் பெயர் பாலத்தில் இருக்கிறது. கப்பலேறியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? அதுவும் இருக்கிறது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஊர், மாவட்டம் என்று கப்பல் வாரியாக எழுதிவைத்த பட்டியல்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. டர்பனில் வாழும் பேரப்பிள்ளைகள் அதைப் புரட்டி, ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதப்பட்ட ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு தங்கள் கிராமத்தைத் தேடுகிறார்கள்.

மாவட்டம் என்ற இடத்தில் செங்கல்பட்டு என்று எழுதியிருக்கும் பக்கங்களும் அதில் உண்டு. அடுத்த தடவை வீட்டில் பெரியவர்களோடு உட்காரும்போது கேட்டுப் பாருங்க, நம்ம வகையறாவில் கப்பலேறிப் போய்த் திரும்பாமல் இருந்தவர் யாராவது உண்டா என்று. ஒரு பெயர் கிடைத்தால், அதை எழுதி வைங்க. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் அதே பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.